பழைய டேப்லெட் அப்டேட்: பில்ட் எண்ணில் இருக்கும் அந்த ஓர் எழுத்து

பழைய டேப்லெட்டுக்கு அப்டேட் வந்திருக்கிறது, போடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிவதில்லை. அதற்குக் காரணம் வேகமும் இல்லை, பேட்டரியும் இல்லை. போட்ட பிறகு பிடிக்கவில்லை என்றால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இருக்குமா என்பதுதான் கேள்வி. எத்தனை வருடம் ஆனாலும் தீராத எரிச்சல் இது.

சாம்சங் டேப்லெட்டில் அப்டேட் அறிவிப்பைத் திறந்தால் அளவு, செக்யூரிட்டி பேட்ச் தேதி, நீளமான ஒரு பதிப்பு எண் எல்லாம் இருக்கும். எண்ணில் சாய்கோடு இருந்தால் முதல் கோட்டுக்கு முந்திய பகுதி போதும். அதில் கடைசியிலிருந்து எண்ணினால் ஐந்தாவதாக நிற்பது பூட்லோடரின் (சாதனத்தை இயக்கியதும் முதலில் ஓடும் நிரலின்) பைனரி எண். 1 முதல் 9 வரை போய், பிறகு ஏ, பி என்று தொடரும். செட்டிங்ஸில் இப்போதுள்ள பில்ட் எண்ணையும் இதேபோல் பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் பின்னால் பழைய ஃபர்ம்வேரை, அதாவது பழைய சிஸ்டம் மென்பொருளை, ஏற்றிக்கொள்ளலாம். புதியதில் எண் கூடியிருந்தால், அதோடு வழி அடைபட்டது. 6 ஆகிவிட்ட டேப்லெட்டில் 5 எண் கோப்பை ஓடினில் (சாம்சங் சாதனங்களில் ஃபர்ம்வேர் ஏற்றும் கணினி மென்பொருள்) ஏற்றினால், டேப்லெட்டில் அதற்காகத் திறக்கும் டவுன்லோட் மோட் திரையின் மேல் மூலையில் பொடி எழுத்தில் ‘எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில்’ என்று வந்து நின்றுவிடும். கேபிளை மாற்றினாலும், கணினியையே மாற்றினாலும் அதே கதைதான்.

தடைக்கு நியாயம் உண்டு. ஓட்டை உள்ள பழைய பூட்லோடரை ஏற்றி, திருடியவர் பூட்டை உடைத்துவிடக் கூடாது. அது சரி. ஆனால் ‘இதைப் போட்டால் திரும்ப முடியாது’ என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்ப்பதில் என்ன கஷ்டம்? பொருளின் சொந்தக்காரருக்குத் தெரிய வேண்டிய தகவல் அது.

ஐபேடில் எண் பார்க்கும் வேலையே இல்லை. ஒவ்வொரு முறை நிறுவும்போதும் ஆப்பிள் சர்வரின் கையொப்பம் வேண்டும். பழைய பதிப்புக்கு அது சீக்கிரமே நின்றுவிடும். ஆனால் பாராட்டியே ஆக வேண்டியதும் ஆப்பிளிடம்தான் இருக்கிறது. 2013-ல் ஐஓஎஸ் 7-உடன் வந்த ஐபோன் 5எஸ், 2023 ஜனவரியில்கூட 12.5.7 என்ற பாதுகாப்பு அப்டேட்டைப் பெற்றது. கிட்டத்தட்ட பத்து வருடம்!

சாம்சங்கில் வழி திறந்திருந்து, பின்னோக்கிப் போக முடிவு செய்தால் முதல் வேலை பேக்கப். அடுத்து, டேப்லெட்டில் இருக்கும் கூகுள் கணக்கை நீக்குங்கள். ஆண்ட்ராய்டு 5.1 முதல், ரெக்கவரி (சிஸ்டம் தொடங்கும் முன்பே திறக்கும் பழுதுநீக்கும் மெனு) வழியாக ரீசெட் செய்தால் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். ஓடினில் சிஎஸ்சி (நாடு, நெட்வொர்க் அமைப்புகள்) என்ற பெட்டியில் ‘ஹோம் சிஎஸ்சி’ கோப்பை வைக்காதீர்கள். அது தரவை அப்படியே விட்டுவைக்கும். புதிய பதிப்பு எழுதிய தரவைப் பழைய பதிப்பு படிக்கத் தெரியாமல் லோகோவிலேயே சுற்றும். வெறும் ‘சிஎஸ்சி’ கோப்புதான் வேண்டும். எல்லாம் அழிந்து சுத்தமாகத் தொடங்கும்.

பேட்டரியை நம்பாதீர்கள். தேய்ந்த பேட்டரி 40 சதவீதம் காட்டிக்கொண்டே, சுமை ஏறியதும் சட்டென்று அணையும். இரட்டைப் பார்ட்டிஷன் (சிஸ்டத்துக்கு இரண்டு தனி இடங்கள்) இல்லாத பழைய சாதனம், இருக்கும் ஒரே சிஸ்டத்தின் மேலேயே எழுதுகிறது. பாதியில் அணைந்தால் ஃபர்ம்வேரை முதலிலிருந்து மீண்டும் ஏற்றியாக வேண்டும். முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

அப்டேட் முடிந்ததும் மந்தமாக இருக்கிறது என்று உடனே பதற வேண்டாம். ஆப்களை எல்லாம் அது புதிய பதிப்புக்கு ஏற்றபடி மறுபடி கம்பைல் செய்துகொண்டிருக்கும். இரவு முழுக்கச் சார்ஜரில் விடுங்கள். சும்மா கிடக்கும்போதுதான் ஸ்டோரேஜை ஒழுங்குபடுத்தும் டிரிம் வேலையும் நடக்கும். இரண்டு நாள் கழித்தும் அப்படியே இருந்தால் அது பெரும்பாலும் ராம் பற்றாக்குறை. அதற்கு மருந்து இல்லை.

பைனரி எண்ணுக்கு முந்திய எழுத்து எஸ் என்றால் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். எண் கூடியிருந்தாலும் போட்டுவிடுங்கள். யு என்று இருந்து, ஆண்ட்ராய்டு பதிப்பும் மாறி, பைனரியும் ஏறி, டேப்லெட்டில் 2 ஜிபி ராம்தான் என்றால், இவ்வளவு நியாயம் பேசிய பிறகும் சொல்கிறேன்: போடாதீர்கள். வைஃபையில் தானாக டவுன்லோட் ஆகும் ஸ்விட்சையும் இன்றே அணைத்துவிடுங்கள்.