மேல ரப்பர், உள்ள அல்வா: மூணு ஹார்டனர் வாங்கி ஊத்தி பாத்ததுல தெரிஞ்சது

கோயம்புத்தூர் கணபதி பக்கம் சின்னதா ஒரு யூனிட் வச்சிருக்கேங்க, போர்வெல்ல தண்ணி இல்லாம மோட்டார் ஓடுனா கட் பண்ற கார்டு செய்யறதுதான் பொழப்பு. போர்டை பிளாஸ்டிக் டப்பாக்குள்ள வச்சு சிலிகான் ஊத்தி அடைச்சுதான் குடுக்கணும், இல்லன்னா தோட்டத்து மோட்டார் ரூம்ல பல்லி, எறும்பு, ஈரம்னு எல்லாம் உள்ள குடி போயிரும். டப்பா ஆழம் 30 மில்லிமீட்டர். இந்த 30தான் என்னைய ஒரு வருசம் அலைய விட்டுச்சு.

ஆரம்பத்துல ஹார்டுவேர் கடைல ட்யூப்ல வர்ற சிங்கிள் பார்ட்டைத்தான் அடிச்சேன். அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து மேல இருந்து கீழ காயற சரக்கு, மொத நாள் 2, 3 மில்லி காயும், தோல் தடிக்க தடிக்க அதுவும் கொறஞ்சுகிட்டே போகும். 20 நாள் கழிச்சு ஒரு டப்பாவை பிளேடு வச்சு நறுக்குனேன், மேல அருமையான ரப்பர், நடுவுல நெய் விட்ட அல்வா மாதிரி கொழகொழன்னு, குப்புன்னு வினிகர் வாடை, ரிலே கால்ல பச்சை பூத்துப் போச்சு. அந்த வாடை வர்ற ட்யூபை செம்பு பக்கமே கொண்டு போயிராதீங்க.

அதுக்கப்புறம்தான் ரெண்டு பார்ட்டுக்கு வந்தேன், அதாவது பேஸ்னு ஒரு சரக்கு, அதை இறுக வைக்கற ஹார்டனர்னு ஒண்ணு, ரெண்டையும் கலந்து ஊத்தறது. மூணு செட் வாங்குனேன்: டின் நார்மல், டின் ஃபாஸ்ட், பிளாட்டினம். டின், பிளாட்டினம்ங்கறது சரக்கை செட் ஆக வைக்கற கேட்டலிஸ்ட்ல (வினையூக்கில) இருக்கற உலோகம். கம்பெனி பேரு வேணாம், சரக்கைப் பத்தி மட்டும் சொல்றேன்.

டின் நார்மல்ல 100 கிராம் பேஸுக்கு 3 கிராம் ஹார்டனர். அந்த சின்ன பாட்டில்ல டைபியூட்டைல்டின் டைலாரேட்ங்கற டின் கேட்டலிஸ்ட்டும் கூடவே ரப்பர் சங்கிலியைக் கோக்கற சிலிகேட்டும் இருக்கு. கலந்தா அடி வரைக்கும் ஒண்ணா செட் ஆகுது, ராத்திரி ஊத்துனா காலைல தட்டிப் பாக்கலாம். வெயில் காலத்துல காத்து வறண்டு கிடக்கறப்ப கொஞ்சம் இழுக்குது, ஏன்னா இதுக்கும் துளி ஈரம் வேணும். 4 ஸ்டார் தாராளமா குடுக்கலாம்.

ஆனா நான் அவசரக்குடுக்கை. ஆர்டர் நெருக்கடில 3 கிராமுக்கு பதிலா 6 கிராம் ஊத்துனேன். ஆச்சு, சீக்கிரம்தான் ஆச்சு, ஆறாவது டப்பாவுக்கு சாய்க்கறப்பவே கப்புல கட்டி தட்டிருச்சு, குச்சியோட நட்டமா நிக்குது! அதுல தேறுன டப்பாவும் ரெண்டு மாசத்துல விறைச்சுப் போயி வயர் வெளிய வர்ற இடத்துல கீறல் விட்டுச்சு. ஹார்டனரை கூட்டி ஊத்துனா வேகத்தோட சேத்து சிலிகேட்டும் டின்னும் மிச்சமா உள்ளயே தங்கிருது, அது பின்னாடியும் வேலை செஞ்சுகிட்டே இருக்கும். வேகம் வேணும்னா ஃபாஸ்ட் பாட்டில்னே தனியா விக்கறாங்க, அதை வாங்குங்க, கை அளவை மாத்தாதீங்க.

அந்த ஃபாஸ்ட் பாட்டில் எப்படின்னா, பாட் லைஃப், அதாவது கலந்ததுக்கப்புறம் ஊத்தற பதத்துல இருக்கற நேரம், என் ஷெட் சூட்டுல 8 நிமிசம் கூட நிக்கல. ஒரு கப்புக்கு நாலு டப்பா, அவ்ளோதான், கலக்கறப்ப புகுந்த காத்துக் குமிழி மேல வர்றதுக்குள்ள இறுகிருது. ரிப்பேர் வேலைக்கு சரி, நூறு பீஸ் ஊத்தறவனுக்கு டென்சன். 3 ஸ்டார்.

இதை விட பெரிய அடி வேற எடத்துல விழுந்துச்சு. நல்லா செட் ஆன டின் டப்பாவை அன்னைக்கே மூடி போட்டு ஸ்க்ரூ முறுக்கி, ஈரம் போகட்டும்னு ஓவன்ல 80 டிகிரில வச்சேன், அறிவாளித்தனம்னு நெனப்பு. மறுநா தொறந்தா ரப்பர் திரும்ப பிசின் ஆகிக் கெடக்கு. டின் சரக்கு செட் ஆகறப்ப ஆல்கஹால் வெளிய விடும், அது தப்பிக்க வழி இல்லாம சூட்டுல அடைபட்டா நடந்த வேலை பின்னாடி ஓட ஆரம்பிச்சுரும். ஊத்துன டப்பாவை ஒரு நாளாவது தொறந்தே போட்டு வைக்கணும்னு பாட்டில் ஸ்டிக்கர்ல ஒரு வரி போட்டிருந்தா எனக்கு 60 கார்டு மிஞ்சியிருக்கும்.

பிளாட்டினம் செட் ஏ, பி ரெண்டும் சரிபாதி. விலை டின்னை விட ரெண்டு மடங்குக்கு மேல. ஆனா வெளிய விடறது எதுவும் இல்ல, ஈரம் வேணாம், 30 மில்லி என்ன 100 மில்லியா இருந்தாலும் ஒரே நேரத்துல ஆகும், சுருக்கமும் கண்ணுக்கு தெரியாத அளவுதான். உள்ள இருக்கற பிளாட்டினம் பத்து லட்சத்துல சில பங்குதான், 1973ல பேட்டன்ட் ஆன கார்ஸ்டெட் கேட்டலிஸ்ட் வகைதான் இன்னைக்கும் ஓடுது. இதுல வேகத்தை கூட்ட ஹார்டனர் இல்ல, சூடு. டவ் கம்பெனியோட சில்கார்டு 184 டேட்டா ஷீட்டையே பாருங்க, 25 டிகிரில 48 மணி நேரம், 100 டிகிரில 35 நிமிசம், 150ல 10 நிமிசம். ஏ, பி அளவை மாத்தி வேகம் பாக்கலாம்னு நெனச்சா சரக்கு கெட்டுப் போகும், அவ்ளோதான்.

ஆனா இது கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி, எதுக்கெடுத்தாலும் கோச்சுக்கும். மொத பேட்ச்ல நடுவுல கல்லு மாதிரி, போர்டை ஒட்டுன எடம் மட்டும் பிசுபிசுன்னு. மூணு நாள் மண்டையை ஒடைச்சுகிட்டேன். சால்டரிங் ஃப்ளக்ஸை (பத்த வைக்கறப்ப போடற பசையை) தொடைக்கல, அது ஒண்ணு, லேடக்ஸ் கிளவுஸ் போட்டு போர்டை தொட்டது ரெண்டு, டின் கலக்குன குச்சியையே தொடைச்சுட்டு திருப்பி யூஸ் பண்ணது மூணு. லேடக்ஸ்ல இருக்கற கந்தகம், ஃப்ளக்ஸ்ல இருக்கற அமீன், குச்சில ஒட்டுன டின், எது பட்டாலும் பிளாட்டினம் படுத்துரும். இப்ப ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போட்டு பிரஷ்ல தேய்ச்சு, குச்சி கப் எல்லாம் தனி, கிளவுஸ் வினைல். ஓவன்ல 60 டிகிரி, மத்தியானச் சாப்பாட்டுக்கு போயிட்டு வந்தா ரெடி. ஒட்டறதுதான் கம்மி, வயர் வர்ற எடத்துல பிரைமர் (ஒட்டறதுக்கு முன்னாடி பூசற திரவம்) தடவணும். எனக்கு 4.5.

கட்டட கண்ணாடி ஒட்டற பையன் ஒருத்தன் பக்கத்து ஷெட்ல இருக்கான், அவங்க பேஸ் வெள்ளை, ஹார்டனர் கருப்பு. காலைல மெஷின் ஓட்டுன உடனே ஒரு பேப்பர்ல கொஞ்சம் பிதுக்கி, மடிச்சு அமுக்கி, விரிச்சுப் பாப்பான், பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும், அதுல ஒரு வெள்ளைக் கோடு தெரிஞ்சாலும் சரியா கலக்கலைன்னு அர்த்தம், அன்னைக்கு கண்ணாடியை தொட மாட்டான். அதோட ஒரு கப்புல குச்சி விட்டு வச்சு, இழுக்கறப்ப நூலா வராம டக்குன்னு அறுந்து போற நேரத்தை நோட்டுல எழுதறான். என் சரக்கு ரெண்டு பக்கமும் ஒரே கலர், அந்த வசதி எனக்கு இல்ல. பி பார்ட்ல கலர் போட்டுக் குடுங்கன்னு சப்ளையர்கிட்ட கேட்டேன், பாக்கலாம்னாங்க, ஆறு மாசமா பாத்துட்டே இருக்காங்க.

எக்ஸ்போர்ட் பண்றவங்களுக்கு ஒண்ணு: பொதுமக்களுக்கு விக்கற பொருள்ல டைபியூட்டைல்டின், டின் கணக்குல 0.1 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஐரோப்பால 2012லயே வந்துருச்சு, இந்த ரெண்டு பார்ட் சீலன்ட்டுக்கு 2015 ஜனவரி வரைக்கும்தான் விட்டு வச்சாங்க. ஆர்டர் எடுக்கறதுக்கு முன்னாடி சப்ளையர்கிட்ட எழுத்துல வாங்கிருங்க. கலக்கறப்ப கிளவுஸ் போடுங்க, நம்மாளுங்க வெறுங்கையால வழிச்சு எடுக்கறதை பாத்தா பயமா இருக்கு.

இப்போதைக்கு மூடி போட்டு சூட்டுல நிக்கற கார்டுக்கு பிளாட்டினம், தொறந்த டப்பாவுக்கும் பழசை ரிப்பேர் பண்றதுக்கும் டின் நார்மல். ஃபாஸ்ட் பாட்டில் பாதி மிச்சம் இருக்கு, மூடியை சரியா மூடாம விட்டதுல வாய் பக்கம் கட்டி பிடிச்சு நிக்குது, யாருக்காவது வேணும்னா கடைக்கு வந்து எடுத்துக்கங்க.