சோனி 7600ஜிஆர்: பத்து வருஷம் தாண்டியும் நகராத சிற்றலை ரேடியோ

10000 என்று அடித்தால் 10000 கிலோஹெர்ட்ஸில்தான் நிற்கும். மறுநாள் காலையிலும் அங்கேயேதான் இருக்கும். இந்த ரேடியோவை நான் இன்னும் விற்காமல் வைத்திருப்பதற்கு இது ஒன்றே காரணம்.

சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர் 2001இல் வந்த மாடல். இப்போது தயாரிப்பில் இல்லை. என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பத்து வருஷத்துக்கு மேலாக நாலு பென்சில் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முள் நகரும் டிரான்சிஸ்டரில் சிற்றலை கேட்டவர்களுக்குப் பழைய பாடு தெரியும். 31 மீட்டர் பட்டை 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரை. டயலில் அது ஒரு விரல் அகலம் வந்தாலே பெரிது. 5 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு நிலையம் இருக்கும்போது, முள்ளின் தடிமனுக்கு அடியிலேயே இரண்டு மூன்று பேர் பேசுவார்கள். பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலில் சிற்றலையை விட்டுப் போகும்வரை எத்தனையோ பேர் அதைக் காதால் துழாவித்தான் பிடித்தார்கள். பிடித்தாலும் நிற்காது. அறையின் சூடு மாறினாலோ பேட்டரி இறங்கினாலோ, நிலையத்தைப் பிடிக்க ரேடியோவுக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் நகர்ந்துவிடும். செய்தி முடிவதற்குள் பக்கத்து நிலையம் உள்ளே வந்துவிடும்.

7600ஜிஆரின் உள்ளேயும் ஓர் ஆசிலேட்டர்தான். தனியே விட்டால் அதுவும் நகரத்தான் செய்யும். நகரவிடாமல் பூட்டிப் பிடித்து வைக்கும் சுற்றுதான் பிஎல்எல். நிலையத்தின் அலையை ஆசிலேட்டரின் அலையோடு கலந்து ரேடியோ முதலில் மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவெண் இதில் 55.845 மெகாஹெர்ட்ஸ்; ஆசிலேட்டர் நிலையத்தைவிட அவ்வளவு மேலே நிற்கவேண்டும். ஆகவே 10 மெகாஹெர்ட்ஸைக் கேட்க ஆசிலேட்டர் 65.845 மெகாஹெர்ட்ஸ் தரவேண்டும். நிலையாக அதிரும் கிரிஸ்டலிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்று ஒப்பீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிலேட்டர் தருவதை 65,845ஆல் வகுத்தால் அதே 1 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கவேண்டும். துளி முன்னே பின்னே போனாலும் இரண்டு அலைகளின் கட்டமும், அதாவது ஏறி இறங்கும் நேரமும், பொருந்தாது. அந்த வித்தியாசமே ஒரு மின்னழுத்தமாக மாறி, வாரக்டர் டையோடு வழியாக ஆசிலேட்டரைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். பட்டனை ஒருமுறை அமுக்கினால் வகுக்கும் எண் 65,846 ஆகும், அவ்வளவுதான்.

ஆக, ரேடியோவின் நாணயம் முழுக்க அந்தக் கிரிஸ்டலின் நாணயம். அது பத்து லட்சத்தில் 10 பங்கு பிசகினால் எவ்வளவு தள்ளிப்போகும்? 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டால் 100 ஹெர்ட்ஸ்தான் வரும். ஆனால் கிரிஸ்டல் கட்டிப் பிடித்திருப்பது 65.845 மெகாஹெர்ட்ஸை, எனவே பிசகு 658 ஹெர்ட்ஸ். ஏஎம் ஒலிபரப்பில் இது காதுக்கே தெரியாது. ஏஎம்மில் பேச்சைச் சுமந்து வரும் கேரியர் அலையை விட்டுவிட்டு, அதன் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் எஸ்எஸ்பியில் ஆளின் குரலே மாறிவிடும்.

நான் சோதிப்பதும் எஸ்எஸ்பியில்தான். சீனாவின் நேர சமிக்ஞை நிலையம் பிபிஎம் 10 மெகாஹெர்ட்ஸில் டிக் டிக்கென்று நொடி சொல்லும். அலை நன்றாக இருக்கும் மாலையில் அதை வைத்து, பக்கவாட்டில் உள்ள ஃபைன் குமிழால் அதன் கேரியர் எழுப்பும் 'ஊய்' சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டே வந்து, அடங்கும் இடத்தில் விட்டுவிடுவேன். ஆன் செய்த முதல் சில நிமிடங்கள் மெல்ல ஒரு முனகல் எழும். திருத்தி வைத்துவிட்டால் அப்புறம் கை வைக்க வேண்டியதில்லை. காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், பேசுவதையும் அப்படித்தான் கேட்கிறேன்.

இன்னொரு லாபம் சிங்க் டிடெக்டர். அலை மங்கும்போது கேரியர் முதலில் தேய்ந்து, பேச்சு கரகரத்து உடையும். சிங்க் அந்தக் கேரியரைத் தன்னுடைய பிஎல்எல்லால் பிடித்துக்கொண்டு, அது தேயும்போது ஈடு கொடுக்கிறது. மேல்பக்கமா கீழ்பக்கமா என்றும் தேர்ந்தெடுக்கலாம். பக்கத்து நிலையம் எந்தப் பக்கம் நெரிக்கிறதோ அதை வெட்டிவிடலாம். முதல் ஆசிலேட்டர் நகர்ந்துகொண்டிருந்தால் இந்த இரண்டாவது பிடி நிற்கவே நிற்காது. விளக்கக் கையேட்டில் யாரும் அழுத்திச் சொல்லாத சங்கதி இது.

பிடிக்காததும் உண்டு. சுழற்றும் டியூனிங் குமிழ் கிடையாது, பொத்தான்தான். 1 கிலோஹெர்ட்ஸ் படியாகப் போகும்போது ஒவ்வொரு படிக்கும் ஒலி ஒரு கணம் விக்கும். பட்டையை மேலோட்டமாக மேய்கிற சுகம் இதில் இல்லை. படியை இன்னும் சிறிதாக்கியிருக்கலாமே என்றால், ஒப்பீட்டு அலை தாழ்ந்து, பூட்டு விழ நேரம் கூடும்; கையடக்கப் பெட்டியில் அது நியாயமான பேரம்தான். அப்புறம், நிலையாக இருப்பதும் சுத்தமாக இருப்பதும் ஒன்றல்ல. இப்படி பிஎல்எல்லால் அலை உண்டாக்கும் சிந்தசைசருக்கென்று, கட்டம் நடுங்குவதால் வரும் ஒரு கட்ட இரைச்சல் உண்டு. பலமான நிலையத்துக்குப் பக்கத்தில் மெலிந்த நிலையத்தைத் தேடும்போது அது தெரியும். எல்இடி பல்பும் சார்ஜரும் போடும் இரைச்சலுக்கோ எந்தக் கிரிஸ்டலும் மருந்தில்லை. ஜன்னலுக்கு வெளியே நாலு மீட்டர் ஒயரை இழுத்துக் கட்டியதில்தான் எனக்குக் கொஞ்சம் விமோசனம்.

இப்போது பழையதாகத்தான் கிடைக்கும். வாங்கப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்க்காமல், கடைக்காரரிடம் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு, எஸ்எஸ்பியில் ஒரு கேரியரைச் சுழியத்துக்கு வைத்துவிட்டு உட்காருங்கள். முனகல் ஏறிக்கொண்டே போனால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிங்க் சுவிட்சைப் போட்டு, திரையில் சிங்க் என்ற எழுத்து நின்று எரிகிறதா, அணைந்து அணைந்து வருகிறதா என்றும் பாருங்கள்.