ட்ராக்கி பாட்டம்ஸா, ட்ராக்கி டாக்ஸா?

லண்டனில் 'ஜாகர்ஸ்' கேட்டால் கணுக்காலில் எலாஸ்டிக் வைத்த ட்ராக் பேண்டை எடுத்துப் போடுவார்கள். சிட்னியில் கொஞ்சம் வயதானவரிடம் அதே சொல்லைச் சொன்னால், ஓடுவதற்கான ஷூவைத்தான் நினைப்பார். இடுப்பில் இருந்தது பாதத்துக்கு இறங்கிவிடுகிறது.

உடைகளுக்குப் பெயர் வைப்பதில் பிரிட்டனா, ஆஸ்திரேலியாவா என்று ஒரு போட்டி வைத்துப் பார்ப்போம். முதலில் ட்ராக் பேண்ட். பிரிட்டனில் அது 'ட்ராக்கி பாட்டம்ஸ்', இன்னும் சுருக்கினால் 'ட்ராக்கீஸ்'. ஆஸ்திரேலியாவில் 'ட்ராக்கி டாக்ஸ்'. இந்த 'டாக்ஸ்' லண்டன் சரக்குதான். 1930களில் அங்கே சிம்ப்சன் நிறுவனம், பெல்ட் இல்லாமலே இடுப்பில் நிற்கும் கால்சட்டையை அந்தப் பெயரில் விற்றது. ஆஸ்திரேலியர்கள் அதை எல்லாக் கால்சட்டைக்கும் பொதுப்பெயராக்கி, சோபாவில் படுத்து டிவி பார்க்கும் தொளதொள பேண்ட் வரை இழுத்து வந்துவிட்டார்கள். ஜட்டிக்கு 'அண்டர்டாக்ஸ்'. அடுத்தவன் கால்சட்டையைப் பிடித்து உருவிவிடும் பள்ளிக்கூடச் சேட்டைக்கு 'டாக்கிங்'. நழுவாது என்று சொல்லி விற்ற பேண்டின் பெயர், பேண்டை உருவுவதற்குப் பெயராகிவிட்டது! இந்தச் சுற்றில் என் ஓட்டு ஆஸ்திரேலியாவுக்கு. வட இங்கிலாந்தில் கால்சட்டைக்குச் சொல்லும் 'கெக்ஸ்' காதுக்கு நன்றாக இருந்தாலும் அதற்கு இவ்வளவு சேட்டை கிடையாது.

ஒரு கசப்பும் உண்டு. ட்ராக்சூட்டோடு திரிகிற ஏழை வீட்டுப் பையனை பிரிட்டனில் 'சாவ்' என்று ஏளனம் செய்வார்கள். ஆஸ்திரேலியாவின் 'போகன்' அதே ரகம்தான். ஆனால் 'நான் போகன்தான்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்பவர்களும் அங்கே உண்டு.

ஷூவில் பிரிட்டன் முந்துகிறது. பொதுவாக 'ட்ரெய்னர்ஸ்'. ஆனால் பள்ளி உடற்பயிற்சி வகுப்புக்குப் போடும் கேன்வாஸ் ஷூவுக்கு ஊருக்கொரு பெயர்: பிரிஸ்டலிலும் தெற்கு வேல்ஸிலும் 'டாப்ஸ்', வட இங்கிலாந்தில் பல இடங்களில் 'பம்ப்ஸ்', வட அயர்லாந்தில் 'கட்டீஸ்'. பெயரை வைத்தே பேசுபவர் எந்தப் பக்கம் என்று ஊகித்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் 'ரன்னர்ஸ்' இதன் முன்னால் சப்பென்று இருக்கிறது.

நீச்சல் உடையில் கதை தலைகீழ். ஆஸ்திரேலியாவில்தான் ஊருக்கொரு பெயர்: குயின்ஸ்லாந்தில் 'டாக்ஸ்' அல்ல, 'டோக்ஸ்', மெல்பர்னில் 'பேதர்ஸ்', சிட்னியில் 'ஸ்விம்மர்ஸ்' அல்லது 'காஸி'. அப்புறம் ஆண்களின் இறுக்கமான நீச்சல் ஜட்டிக்கு 'பட்ஜி ஸ்மக்லர்ஸ்'. பட்ஜி என்பது நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று கூண்டில் விற்கும் அதே ஆஸ்திரேலியக் குட்டிக்கிளி. அதை ஜட்டிக்குள் ஒளித்துக் கடத்துகிறாராம். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த டோனி அபாட்டே அதைப் போட்டுக்கொண்டு கேலிச்சித்திரங்களில் மாட்டினார். பிரிட்டனில் இதற்கு வழக்கமான சொல், வெறும் 'ட்ரங்க்ஸ்'.