அசையாத பாரை இழுக்கும் சோதனை: எங்கள் சேலம் கூடத்தில் நீண்ட நாள் அனுபவம்

தொடையின் நடு உயரத்தில் பாரை அசையாமல் கட்டி வைத்து, முழு பலத்தையும் போட்டு இழுக்கச் சொல்லி அளப்பதுதான் ஐசோமெட்ரிக் மிட்-தை புல். அஸ்தம்பட்டி பக்கம் நான் பயிற்சி தரும் பளுதூக்கும் கூடத்தில் இதை வருடக்கணக்கில் பயன்படுத்துகிறோம். ஆய்வுக்கூடங்களில் காலால் தரையை அழுத்தும் விசையை வினாடிக்கு 1000 தடவை பதியும் ஃபோர்ஸ் பிளேட் என்ற அளவு மேடை இருக்கும். அந்த விலை நமக்குக் கட்டாது. தொங்கு தராசில் வரும் எஸ் வடிவ லோடு செல், அதாவது இழுவிசையை அளக்கும் உணரி ஒன்றை வாங்கினோம். லேத் பட்டறையில் கனமான இரும்புத் தகட்டில் கொக்கி வைத்து, சங்கிலியால் பாரோடு இணைத்தோம். முதலில் பலகை மேடையில்தான் மாட்டினோம். பலகை வளைந்து கொடுத்ததால் எண் நிலையாக நிற்கவே இல்லை.

இந்தச் சோதனையின் உயிரே நிற்கும் நிலைதான். முழங்கால் 125 முதல் 145 டிகிரி, இடுப்பு 140 முதல் 150 டிகிரி; கிளீனில் (பாரைத் தரையிலிருந்து தோளுக்குத் தூக்கும் முறை) இரண்டாம் இழுப்பு, அதாவது தொடையருகிலிருந்து பாரை வேகமாக மேலே இழுக்கும் கட்டம், தொடங்கும் நிலை அது. சங்கிலியில் ஒரு கண்ணி மாறினாலும் கோணம் மாறும், எண்ணும் மாறும். அதனால் யாருக்கு எந்தக் கண்ணி என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கையைப் பாரோடு சேர்த்துக் கட்டும் ஸ்ட்ராப் கட்டாயம். ஏப்ரல் வெயிலில் கை வியர்த்து வழுக்கினால் காலின் பலம் எங்கே தெரியப்போகிறது? சங்கிலித் தொய்வை மெதுவாக எடுத்த பிறகுதான் "தரையை மிதிச்சுத் தள்ளு" என்று குரல் கொடுப்பேன். ஐந்து வினாடி இழுப்பு, நடுவில் நல்ல ஓய்வு. இரண்டு இழுப்புக்கு நடுவே 25 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இன்னொன்று.

ஒரு பிளஸ் டூ மாணவிக்கு வழக்கமாக 185 கிலோ பக்கம் வரும். ஒரு திங்கட்கிழமை 168ஐத் தாண்டவில்லை. வார்ம்-அப்பில் எந்தக் குறையும் தெரியவில்லை. "என்னம்மா, தூங்கினியா?" என்றேன். "பரீட்சை சார், ரெண்டு நாளா சரியாத் தூங்கல" என்றாள். அன்று கனமான ஸ்குவாட்டை நிறுத்திவிட்டு, லேசான ஸ்நாட்ச் (பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) மட்டும் கொடுத்தேன். அடுத்த வாரம் எண் பழைய இடத்துக்கு வந்தது. கேட்டிருக்காவிட்டால் அவள் சொல்லியிருக்கவே மாட்டாள். கோச்சிடம் சோர்வைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகள் அதிகம்; எனக்கு இந்தக் கருவி பிடித்துப்போனதே அதனால்தான்.

ஆனால் ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட்டுச் சுவரில் ஒட்டக்கூடாது. அவரவர் பழைய எண்தான் அவரவருக்கு அளவுகோல்.

குறையும் உண்டு. சோர்வு பெரும்பாலும் உச்ச விசையைவிட, முதல் 200 மில்லிவினாடியில் எழும் விசையில்தான் முன்னாடியே தெரியும். லோடு செல்லின் எண்ணைப் படிக்கும் எங்கள் சர்க்யூட் வினாடிக்கு 80 தடவைதான் பதியும், அதாவது அந்த நேரத்துக்குள் வெறும் 16 புள்ளிகள். அதை வைத்து விசை எழும் வேகத்தைப் பற்றி நான் முடிவு எடுப்பதில்லை. உச்ச விசையை மட்டுமே நம்புகிறேன். அப்புறம், எண் ஏறியும் ஸ்நாட்ச் ஏறவில்லை என்றால் நுட்பத்தைத்தான் பார்க்க வேண்டும். அதை எந்த லோடு செல்லும் சொல்லாது.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் சில வாரங்கள் இழுக்கப் பழக்க மட்டும் செய்கிறேன். நிலை பிடிபட்ட பிறகு வரும் எண்ணைத்தான் நோட்டில் ஏற்றுகிறேன்.