கொழும்பு – சென்னை: பறப்பது ஒரு மணித்தியாலம், போய்ச்சேர ஏழு

கொழும்பின் விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 645 கிலோமீட்டர். டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி வரை போட்டிருப்பார்கள். அம்மாவின் கண் வைத்தியம், கலியாணச் சேலை என்று பல வருடமாக இந்தப் பாதையில் போய் வருகிறேன். இரண்டு கணக்கிலும் பிழை இல்லை. ஆனால் வெள்ளவத்தையில் கதவைப் பூட்டியதிலிருந்து தி.நகரில் பையை இறக்கும் வரை ஏழு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

வானத்தில் இருப்பது ஒரு மணித்தியாலம்தான். ஏற இருபது நிமிடம், இறங்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு. நடுவில் மட்டமாகப் பறக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்து, தேத்தண்ணி ஆறுவதற்குள் கோப்பையைத் திரும்ப வாங்க வந்துவிடுவார்கள். கதைத்துக்கொண்டிருந்தால் பட்டினிதான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரத்தையும் சேர்த்தே டிக்கெட்டில் எழுதுகிறார்கள். அதனால் ‘பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்’ என்ற அறிவிப்புக்கெல்லாம் நான் பெரிதாக அசைவதில்லை.

லண்டன் போகும்போது மேல்காற்று எதிர்த்து அடிப்பதால் வருவதைவிடக் கூட நேரம் எடுக்கும். இது தெற்கு வடக்குப் பாதை, அந்தச் சிக்கல் இல்லை. 2006 ஏப்ரலிலிருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் மணிக்கூட்டிலும் கை வைக்க வேண்டாம்.

நேரத்தைத் தின்பது தரைதான். காலையில் காலி வீதியில் மாட்டினால் பேலியகொட போய்ச் சேரவே பொறுமை போய்விடும். அங்கே ஹைவேயில் ஏறிவிட்டால் கட்டுநாயக்க அரை மணிக்குள். 2013க்கு முன்னர் நீர்கொழும்பு வீதியில் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். அப்புறம் செக்-இன், குடிவரவு வரிசை, காத்திருப்பு என்று மூன்று மணித்தியாலம் போய்விடும். அதனால் இப்போது விடியற்காலை விமானம் மட்டும்தான் எடுக்கிறேன். வீதி வெறுமையாக இருக்கும். சென்னையில் இறங்கும்போது அங்கே ஆபீஸ் நெரிசல் தொடங்கியிருக்கும். டாக்ஸிக்காரரோடு மல்லுக்கட்டாமல் விமான நிலையத்திலேயே மெட்ரோ ஏறி, நந்தனத்தில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள். பெரிய பெட்டி என்றால் கஷ்டம்தான்.

வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள், அது யாழ்ப்பாணத்தின் மேலாகவே போகும். யாழ்ப்பாணத்துச் சனம் 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்கு வந்து, பிறகு தங்கள் வீட்டுக் கூரைக்கு மேலாலேயே சென்னைக்குப் பறந்த கூத்தை என்ன சொல்ல! 2019இல் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் தொடங்கிய பிறகு எங்கள் சித்தி குடும்பம் இந்தப் பக்கம் வருவதே குறைந்துவிட்டது. அங்கிருந்து வெறும் 355 கிலோமீட்டர்.

கும்பகோணம், தஞ்சாவூர்க் கோயில்களுக்கு என்றால் சென்னையே வேண்டாம். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி 415 கிலோமீட்டர்தான். சென்னையில் இறங்கினால் கும்பகோணத்துக்கு இன்னும் ஆறு மணித்தியாலமாவது பஸ்ஸில் இருக்க வேண்டும். திருச்சி டிக்கெட் கொஞ்சம் கூட என்றாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.