நார்த்ஸ்டார் முதல் ஐஸ்மேன் வரை: கே சூப்பர்ஹீரோக்களைப் பல வருடம் தொடர்ந்து படித்த அனுபவம்

ஒரு சூப்பர்ஹீரோ தன்னை கே (gay, ஆண்கள்மேல் ஈர்ப்புள்ள ஆண்) என்று வெளிப்படுத்திக்கொள்ளும் இதழ் வரும்போதெல்லாம் ஒரு வாரத்துக்குப் பெரிய சண்டை நடக்கும். பாராட்டுகிறவர்களும் திட்டுகிறவர்களும் அந்த ஒரே பக்கத்தின் படத்தைத்தான் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். அடுத்த இதழ் வரும்போது இரண்டு தரப்பிலும் பாதிப் பேரைக் காணோம். நான் கல்லூரிக் காலத்திலிருந்து இந்த நாயகர்களை விடாமல் படித்து வருகிறேன். முதலில் தொகுப்பு நூல்களில், பிறகு மாதச் சந்தா கட்டிக் கைப்பேசியில். இவ்வளவு காலம் படித்ததில் ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகிவிட்டது. அறிவிப்பு இதழை வைத்து எதையும் எடைபோட முடியாது. அதற்குப் பிறகு வரும் இதழ்களில் அந்த மனிதனுக்கு ஒரு காதல், ஒரு வீடு, ஒரு கோபம், செய்வதற்கு உருப்படியான வேலை கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

நார்த்ஸ்டாரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நல்லது கெட்டது எல்லாம் இவனுக்கு நடந்திருக்கிறது. நிஜப் பெயர் ஜான்-பால் போபியே. கியூபெக்கைச் சேர்ந்த பிரெஞ்சுக் கனடியன், பனிச்சறுக்கு வீரன், அதிவேகமாகப் பறப்பவன், தலைக்கனம் பிடித்தவன். அரோரா என்று ஓர் இரட்டைச் சகோதரி. 1979இல் எக்ஸ்-மென் தொடரின் 120ஆம் இதழில் அறிமுகமானான். 1983இல் இவன் இருக்கும் கனடா நாயகர் குழுவான ஆல்ஃபா ஃப்ளைட்டுக்குத் தனித் தொடரைத் தொடங்கிய ஜான் பைர்ன், இவனை கே என்றுதான் மனதில் வைத்து எழுதியதாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆனால் அப்போது அதை வெளிப்படையாக எழுத வழியில்லை. அமெரிக்கக் காமிக்ஸ் துறை 1954இல் தனக்குத்தானே போட்டுக்கொண்ட ஒழுங்குவிதிகள், ‘பாலியல் பிறழ்வு’ என்ற பெயரில் இதன் சாயல்கூடக் கூடாது என்று தடுத்தன. 1989 திருத்தத்தில்தான் அந்தத் தடை விலகியது.

அதனால் பைர்ன் ஜாடையாக எழுதினார். ஏழாவது இதழில் ரேமோன் பெல்மோன்ட் என்ற பழைய நண்பர் வருகிறார். நார்த்ஸ்டார் யாரிடமும் காட்டாத கனிவை அவரிடம் காட்டுகிறான். அவர் கொல்லப்படும்போது உடைந்துபோகிறான். இன்று படித்தால் எல்லாமே வெளிச்சமாகத் தெரிகிறது. அப்போதே புரிந்துகொண்ட வாசகர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். சொல்லாமல் சொன்ன அந்தப் பக்கங்கள், பிற்காலத்தில் சொல்லிவிட்டு மறந்த பல பக்கங்களைவிட எனக்குப் பிடிக்கும்.

பிறகு வந்தது கொடுமை. எழுத்தாளர் பில் மான்ட்லோ இவனுக்கு ஒரு நோயைக் கொண்டுவந்தார். அது எய்ட்ஸ் என்பதை நோக்கித்தான் கதை போய்க்கொண்டிருந்தது. மேலிடம் சம்மதிக்கவில்லை. 1987இல் 50ஆம் இதழில், இவன் பாதி எல்ஃப் (மாயக் கதைகளில் வரும் மந்திர இனம்) இனத்தவன், அதனால்தான் உடல் நலிகிறது என்று கதை திரும்பிவிட்டது. எய்ட்ஸால் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு கே நாயகனின் நோய்க்கு மந்திரக் காரணம் சொன்னார்கள். இந்த இதழை எப்போது எடுத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

1992இல் ஆல்ஃபா ஃப்ளைட் 106ஆம் இதழ். எழுதியவர் ஸ்காட் லோப்டெல். குப்பையில் கைவிடப்பட்ட ஒரு பச்சிளங்குழந்தை நார்த்ஸ்டாருக்குக் கிடைக்கிறது. அதற்கு எய்ட்ஸ். நாடே அந்தக் குழந்தைக்காக உருகுகிறது. அதைப் பார்த்து மேஜர் மேப்பிள்லீஃப் என்ற பழைய போர்க்கால நாயகர் வெடிக்கிறார்: கே ஆன தன் மகன் அதே நோயில் செத்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லையே என்று. இருவரும் அடித்துக்கொள்ளும் நடுவில்தான் நார்த்ஸ்டார் தான் கே என்று கத்துகிறான். உரையாடல் மிகை, ஓவியம் அந்தக் காலத்துத் தசைக் கண்காட்சி. ஆனால் அந்தத் தகப்பனின் கோபம் இன்றும் தைக்கிறது. இந்த இதழுக்கு நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே எழுதியது.

சரி, அதற்குப் பிறகு? ஏறக்குறைய ஒன்றுமில்லை. தொடர் 1994இல் 130ஆம் இதழோடு நின்றது. அதே வருடம் நார்த்ஸ்டாருக்குத் தனியாக நான்கு இதழ்க் குறுந்தொடர் வந்தது. அதில் அவன் கே என்ற பேச்சே இல்லை. 2005இல் இன்னொரு விசித்திரம்: வுல்வரின் தொடரில் ஒரு முறை, எக்ஸ்-மென்னின் வேறு கதை உலகங்களில் இரண்டு முறை என்று கிட்டத்தட்ட ஒரே மாதத்துக்குள் மூன்று தடவை செத்தான். இதைப் பார்த்து நொந்துபோன பெர்ரி மூர் என்ற எழுத்தாளர், கே நாயகர்களுக்கு நேர்ந்த சாவுகளையும் சித்திரவதைகளையும் பட்டியலிட்டார். வாசகர் எதிர்வினை என்று நான் மதிப்பது இதைத்தான். பிடித்த பாத்திரத்தை வருடக்கணக்காகக் கவனித்து, இழைக்கப்பட்டதை எழுதி வைப்பதற்குப் பாசம் வேண்டும்.

2012இல் அஸ்டோனிஷிங் எக்ஸ்-மென் 51ஆம் இதழில் நார்த்ஸ்டாருக்கும் கைல் ஜினாடுவுக்கும் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் திருமணம். முந்தைய வருடம்தான் அந்த மாநிலத்தில் தற்பாலினத் திருமணத்தை அனுமதிக்கும் சட்டம் வந்திருந்தது. எழுத்து மார்ஜரி லியு. அமெரிக்காவின் பழமைவாத அமைப்புகள் எதிர்த்தன, செய்திகளில் படம் ஓடியது. நான் அதைவிட அதிகம் திரும்பத் திரும்பப் படிப்பது 2020இல் லியா வில்லியம்ஸ் எழுதிய எக்ஸ்-ஃபேக்டர். அரோரா செத்துப்போன செய்தியோடு தொடங்குகிறது. இறந்த மியூட்டன்ட்களுக்கு (பிறவியிலேயே அசாதாரண சக்தி கொண்டவர்களுக்கு) மறுஉயிர் தருவதற்கு முன் அவர்கள் நிஜமாகவே இறந்தார்களா என்று துப்பறியும் குழு, அதற்கு நார்த்ஸ்டார் தலைவன். கைல் அங்கே புருஷனாக, குழுவின் வீட்டில் ஒருவனாக, சாதாரணமாக இருக்கிறான். யாரும் எதையும் அறிவிக்கவில்லை. நாற்பது வருடத்துப் பாத்திரத்துக்கு ஒருவழியாக ஒரு குடும்பம் கிடைத்தது. பத்து இதழோடு அதையும் முடித்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

இங்கே ஒரு வியாபார விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘கே நாயகன் என்றால் விற்காது’ என்பதைச் சண்டைகளில் அடிக்கடி பார்க்கிறேன். அமெரிக்காவில் மாத இதழ்களைக் காமிக்ஸ் கடைகள் முன்கூட்டியே ஆர்டர் செய்கின்றன. மிஞ்சினால் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. அதனால் கடைக்காரர் தெரிந்த பெயர்களைத்தான் அதிகம் எடுப்பார். புதிய நாயகனோ இரண்டாம் வரிசை நாயகனோ யாராக இருந்தாலும், பத்துப் பன்னிரண்டு இதழ் தாண்டுவதே பாடு. மிட்நைட்டர் என்ற கே நாயகனை வைத்து ஸ்டீவ் ஆர்லாண்டோ எழுதிய மிட்நைட்டர் தொடர், 2015இல் தொடங்கிப் பன்னிரண்டு இதழில் நின்றது. அப்புறம் மிட்நைட்டர் அண்ட் அப்போலோ என்று ஆறு இதழ் வந்தது. காதலனை மீட்க நரகத்துக்கே இறங்கும் கதை, கட்டாயம் படியுங்கள். தொகுப்பு நூலுக்குக் காத்திருப்பவரும், என்னைப் போல் கைப்பேசியில் பின்னால் படிப்பவரும் அந்த முன்பதிவுக் கணக்கில் வரவே மாட்டோம்.

பில்லி, டெட்டி பற்றிப் பேசாமல் முடியாது. 2005இல் ஆலன் ஹைன்பெர்க்கும் ஜிம் செயுங்கும் உருவாக்கிய யங் அவெஞ்சர்ஸ் குழுவில் பில்லிதான் விக்கன், டெட்டிதான் ஹல்க்லிங். தொடக்கத்திலிருந்தே காதலர்கள், அதைப் பெரிய ரகசியமாகவும் வைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு முத்தம் வர 2012இல் முடிந்த சில்ட்ரன்ஸ் குரூசேட் கதையின் கடைசி இதழ் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏழு வருடம்! அதே காலத்தில் மற்ற ஜோடிகள் எத்தனை முத்தம் கொடுத்திருப்பார்கள்.

அந்த முத்தம்தான் 2019 செப்டம்பரில் பிரேசிலில் வெடித்தது. ரியோ டி ஜெனீரோ புத்தகக் கண்காட்சியில் போர்த்துக்கீசியப் பதிப்பு விற்பனையில் இருந்தது. நகர மேயர் மார்செலோ கிரிவெல்லா அதை அகற்றச் சொன்னார். அதிகாரிகள் வருவதற்குள் பிரதிகள் தீர்ந்துவிட்டன. ஃபோல்யா டி சாவ் பாவ்லோ நாளிதழ் அந்த முத்தத்தை முதல் பக்கத்தில் அச்சிட்டது. ஃபெலிப்பே நேட்டோ என்ற யூடியூபர், தற்பாலீர்ப்பு போன்ற பொருளில் அமைந்த 14,000 நூல்களை வாங்கிக் கண்காட்சியில் இலவசமாகக் கொடுத்தார். கடைசியில் உச்ச நீதிமன்றம் தடையை நிறுத்தியது. அமெரிக்காவில் வெளிவந்து ஏழு வருடம் கழித்து, வேறொரு மொழியின் வாசகர்கள் ஒரு பழைய கதைக்காக இப்படி நின்றார்கள். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். 2020இல் எம்பயர் கதையில் பில்லிக்கும் டெட்டிக்கும் கல்யாணமும் ஆனது.

ஐஸ்மேன் விஷயத்தில்தான் எதிர்ப்பாளர்கள் சொல்வதில் ஒரு பகுதியை நான் ஒப்புக்கொள்வேன். 1963இல் எக்ஸ்-மென் முதல் இதழிலேயே இருந்த பாபி டிரேக் இவன். 2015இல் ஆல்-நியூ எக்ஸ்-மென் 40ஆம் இதழில், காலம் தாண்டி வந்த இளம் பாபியின் மனதை அவன் குழுத்தோழி ஜீன் கிரே படித்து, நீ கே என்று அவனிடமே சொல்கிறாள். அவன் ஒருவேளை இருபாலீர்ப்பாக இருக்கலாமே என்று இழுக்கிறான், அவள் அதையும் ஒதுக்கிவிடுகிறாள். இதைப் படித்துக் கோபப்பட்டவர்களில் கே, இருபாலீர்ப்பு வாசகர்கள் ஏராளம். தன் வாயால் சொல்ல வேண்டியதை இன்னொருத்தி மனதுக்குள் புகுந்து எடுத்துவிட்டாள் என்ற அவர்கள் வாதம் மிகவும் நியாயம். ஆனால் ‘ஐம்பது வருடம் பெண்களோடு சுற்றியவன் எப்படி?’ என்ற கேள்வியை நான் ஏற்கவில்லை. கல்யாணம் கட்டிப் பிள்ளைகளும் பெற்றபின் வெளியே வருகிறவர்கள் நிஜ வாழ்க்கையில் இல்லையா? 2017இல் சினா கிரேஸ் எழுதிய தனித் தொடர், அந்த அவசரத்தைப் பொறுமையாகச் சரிசெய்தது. பெற்றோரிடம் சொல்வதும் அவர்கள் முகம் மாறுவதும் எந்தச் சூப்பர்வில்லன் சண்டையைவிடவும் பதற வைத்தது. பதினோரு இதழோடு அது நின்றது, பிறகு 2018இல் ஐந்து இதழ் மட்டும் திரும்பி வந்தது.

2021 அக்டோபரில் சூப்பர்மேனின் மகன் ஜான் கென்ட் இருபாலீர்ப்பு உள்ளவன் என்ற அறிவிப்பு வந்தபோது எங்கள் காமிக்ஸ் நண்பர்கள் குழுவிலும் சண்டை. “எதுக்கு மச்சி பழைய ஹீரோவை மாத்தணும்? புதுசா ஒருத்தனை உருவாக்கிக்கட்டுமே” என்றான் ஒருவன். மாற்றப்பட்டது கிளார்க் கென்ட் அல்ல, அவர் மகன் என்பதே அவனுக்குத் தெரியவில்லை, பாதிச் செய்திகள் அப்படித்தான் தலைப்பு வைத்திருந்தன. ‘புதுசா உருவாக்கு’ என்பதற்கு என் பதில் மேலே இருக்கும் மிட்நைட்டரும் நார்த்ஸ்டாரும்தான். உருவாக்கினார்கள், எத்தனை பேர் வாங்கிப் படித்தோம்? ஜானை நாயகனாக்கி டாம் டெய்லர் எழுதிய அந்தத் தொடர் 18 இதழ் ஓடியது. ஜே என்ற இளைஞனுடனான ஜானின் காதல் இனிமையாக இருந்தது, வில்லன் சுமார்தான்.

அதே குழுவில் எப்போதாவது மட்டும் பேசும் ஒருவர், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பி மிட்நைட்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். படித்து முடித்ததும், அடுத்து என்ன என்று கேட்டார். காரணம் நான் கேட்கவில்லை. குழுவில் பெரிய சத்தம் நடக்கும்போது இப்படி வாய் திறக்காமல் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள் என்று என் நண்பர்களிடம் இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் வரிசை: முதலில் மிட்நைட்டர், முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். அடுத்து கீரான் கில்லனும் ஜேமி மெக்கெல்வியும் செய்த 2013 யங் அவெஞ்சர்ஸ், 15 இதழ்தான். பெண் நாயகிதான் வேண்டும் என்றால் கிரெக் ருக்காவும் ஜே.ஹெச். வில்லியம்ஸும் 2009இல் செய்த பேட்வுமன் கதைகள், அந்த ஓவியத்துக்காகவே அச்சுப் புத்தகமாக வாங்கலாம். எக்ஸ்-ஃபேக்டருக்கு அந்தக் காலத்து எக்ஸ்-மென் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆல்ஃபா ஃப்ளைட் 106ஐக் கடைசியில் படியுங்கள், 7ஆம் இதழுக்கும் 50ஆம் இதழுக்கும் பிறகு.