கியோமிசு-தெரா: ஆறு மணிக்கே வாசலில் நில்லுங்கள்

கியோட்டோ போகும் நம்மவர்களில் பலர் கியோமிசு-தெராவைப் பகல் பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டு, “ஒரே கூட்டம்” என்று சொல்லிக்கொண்டே கோலாலம்பூர் திரும்புகிறார்கள். கோவில் தினமும் காலை 6 மணிக்கே திறந்துவிடும். ஜப்பான் நேரம் நம்மைவிட ஒரு மணி முன்னால் என்பதால் மலேசிய உடம்புக்கு அது 5 மணி. கஷ்டம்தான், ஆனாலும் எழுந்து போங்கள். தைப்பூசத்தன்று பார்க்கும் பத்துமலைக்கும் சாதாரண நாள் விடியலில் பார்க்கும் பத்துமலைக்கும் உள்ள வித்தியாசம் இங்கே இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்துவிடுகிறது.

சூரிய உதயத்தை எதிர்பார்த்து மட்டும் போகாதீர்கள். கோவில் இருப்பது மலையின் மேற்குச் சரிவில்; சூரியன் முதுகுப்பக்கம்தான் எழும். ஜூன் கடைசியில் 4:45 வாக்கிலேயே விடிந்துவிடுவதால் கதவு திறக்கும்போது நல்ல வெளிச்சம் இருக்கும். ஜனவரித் தொடக்கத்தில் உதயமே 7 மணிக்கு மேல். அப்போது 6:45க்குப் போனால் போதும்.

கெய்ஹான் ரயிலில் கியோமிசு-கோஜோ நிலையத்தில் இறங்கினால் சுமார் 25 நிமிட ஏற்றம். வயதானவர்கள் உடன் வந்தால் டாக்சியே நல்லது. கோவிலுக்கு ஏறும் சன்னென்சாக்கா தெருவின் கல்படிகள் மழையில் வழுக்கும், ரப்பர் அடிச் செருப்பு போடுங்கள். கடைகள் எதுவும் திறந்திருக்காது. பசியாறக் கையில் எடுத்துப் போங்கள். சைவர்கள் கடைச் சோற்று உருண்டையை நம்ப வேண்டாம், புளிப்புப் பிளம் வைத்ததில்கூட மீன்சாறு கலந்திருக்கலாம்.

சிவப்பு நியோமோன் வாசல் வரை இலவசம். அதைத் தாண்டித்தான் 500 யென் சீட்டு. உள்ளே போனதும் எல்லோரும் பிரதான மண்டபத்தின் முன்னால் சரிவில் நீட்டிக்கொண்டிருக்கும் மர மேடையிலேயே நின்றுவிடுகிறார்கள். மேடையில் நின்றால் மேடை தெரியாது! நேரே ஒக்குனோயின் மண்டபத்துக்கு நடந்து, திரும்பிப் பாருங்கள்: 13 மீட்டர் உயரத்தில், மரப்பட்டைக் கூரையோடு, மலையிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் நிற்கும். 1633ல் திரும்பக் கட்டியது. பிறகு கீழே இறங்கித் தூண்களின் அருகில் நில்லுங்கள். மேடையைத் தாங்கும் 18 கெயாக்கி மரத்தூண்களையும் குறுக்குக் கட்டைகள் துளைத்துப் போகின்றன, ஆணி இல்லை, ஆப்புதான். வெளியே நீட்டும் கட்டை நுனிகளில் மழை இறங்கி மரம் உளுத்துப் போகாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் குட்டிக் கூரைபோல் ஒரு பலகை. பலர் கவனிக்காமலே போய்விடும் வேலைப்பாடு.

பக்கத்திலேயே ஒத்தோவா அருவி, மூன்று தாரைகள். கிருமி நீக்கும் புற ஊதாப் பெட்டியிலிருந்து நீளக்காம்புக் கரண்டியை எடுத்து, ஒரு தாரையில் பிடித்துக் குடிக்க வேண்டும். மூன்றிலும் குடிப்பது பேராசை என்பார்கள். பகலில் இதற்கு நீண்ட வரிசை. காலையில் காத்திருக்கவே வேண்டாம்.

மூலவர் தரிசனம் கிடைக்காது. கருணையின் போதிசத்துவரான ஆயிரங்கைக் கன்னோன் சிலையை 33 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் திறப்பார்கள். அந்த வரிசையில் கடைசியாக 2000ல், அடுத்து 2033ல்.

காலை வருகையின் ஒரே குறை, ஸுயிகுதோ மண்டபம் 9 மணிக்குத்தான் திறக்கிறது. 100 யென் கொடுத்து, ஜெபமாலைபோல் மணிகள் கோத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு கும்மிருட்டில் இறங்கும் வழி அது, தாயின் வயிற்றுக்குள் போவதாகப் பொருள். கருவறை என்று சொல்லிப் பழகிய நமக்கு விளக்கமே தேவையில்லை. அது சீட்டு வாசலுக்கு வெளியே இருப்பதால், கீழே போய்ப் பசியாறிவிட்டுத் திரும்பி வந்தாலும் மறுபடி 500 யென் கட்ட வேண்டியதில்லை.